சால்டரிங் இல்லாத சிப், தீராத சண்டை

2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸைத் திறந்தால், போர்டில் எல்பிசி என்ற சின்ன துளை வரிசை இருக்கும். மாட் சிப் செய்தவர்களுக்கு அது திறந்த வாசல். ஸ்பிரிங் ஊசி வைத்த சிப்பை அதன்மேல் பொருத்தித் திருகினால் போதும், சால்டரிங்கே வேண்டாம். சால்டரிங் அயர்னைத் தொட்டே பார்க்காத பையனுக்கு வேறென்ன வேண்டும்?

சண்டை ஆரம்பித்தது 2004-ல். அப்போது வந்த 1.6 போர்டில் எல்பிசியின் சில இணைப்புகளை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. ஒயர் வைத்து சால்டர் செய்தால்தான் சிப் வேலை செய்யும்.

வாங்கியவர் "சிப் டுபாக்கூர்" என்றார். விற்றவர் "உங்க போர்டு வேற" என்றார். பழைய போர்டுக்காரர் "எனக்கு நல்லா ஓடுதே!" என்றார். அந்தப் பழைய போர்டிலும் ஓர் ஊசி சரியாகத் தொடாவிட்டால், மூன்று முறை முயன்றுவிட்டு விளக்கு சிவப்பும் பச்சையுமாக மின்னும். கோளாறு சிப்பிலா, திருகிலா? அதற்கு இன்னொரு சண்டை.

மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. வெளியே ஒரே கறுப்புப் பெட்டி, உள்ளே வேறு வேறு போர்டு. அடியில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியை முதலில் பார்த்திருந்தால் பாதி சண்டை வந்திருக்காது. வாரன்டி ஸ்டிக்கரைக் கிழித்த பிறகு யாரிடம் போய் நியாயம் கேட்பது?