மணல் பையும் ஒரு பழைய பி.எஸ்.ஏ.யும்

வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற பேரன், "தாத்தா, பி.எஸ்.ஏ.ன்னா என்ன?" என்று கேட்டான்.

"அது துப்பாக்கிக் கம்பெனிடா" என்றேன். நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்த பிறகுதான் நம்பினான். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம்தான் பி.எஸ்.ஏ. இங்கிலாந்தில் பர்மிங்காம் துப்பாக்கிக் கொல்லர்கள் 1861இல் கூடி ஆரம்பித்த கம்பெனி. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிறகு வந்தவை. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியதுதான் அவர்களுடைய சின்னம். நம் ஊரில் எத்தனையோ பேர் அந்தப் பெயரை மிதித்துத்தான் பள்ளிக்கூடமும் ஆபீசும் போனோம். யாரும் விரிவு கேட்டதில்லை.

எனக்கும் அது தெரியவந்தது ரிடையர் ஆன பிறகு, ஓசூரில் காலை நடைக்குக் கிடைத்த நண்பரால்தான். அவர் இங்கே சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், ஃபோர்மேன் என்றே சொல்கிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ். ஓசூர்க்காரர் என்றால் வேறெப்படி இருப்பார்!

அவரிடம் ஒரு பி.எஸ்.ஏ. இருக்கிறது. சைக்கிள் இல்லை, ரைஃபிள். அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 1956இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டபோது வெள்ளைக்கார இன்ஜினீயர்கள் பலர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். அப்படிப் போன ஒருவரிடம் வாங்கியது. அப்பாவுக்குப் பிறகு மகன் பேரில் லைசென்ஸ் மாறியது.

மார்ட்டினி வகை என்பார்கள். கீழே ஒரு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே ஒரு இரும்புக் கட்டை இறங்கி வழிவிடும். கட்டைவிரலால் ஒரே ஒரு தோட்டாவை உள்ளே தள்ளி, நெம்புகோலை மேலே இழுத்து மூட வேண்டும். ஒரு வெடி, மறுபடி திறப்பு, மறுபடி ஒரு தோட்டா. அவசரத்துக்கு உதவாத துப்பாக்கி. போயர் யுத்தத்துக்குப் பிறகு லார்ட் ராபர்ட்ஸ், இங்கிலாந்தில் சாதாரண வேலைக்காரர்களும் குறிபார்க்கப் பழக வேண்டும் என்று ஊருக்கு ஊர் சின்ன ரைஃபிள் கிளப்புகளை ஊக்குவித்தார். அந்தக் கிளப்புகளில் நிறையப் புழங்கியது இந்த மாதிரிதான்.

தோட்டா .22. அதாவது ஒரு அங்குலத்தில் நூறில் இருபத்திரண்டு பங்கு, கிட்டத்தட்ட 5.6 மில்லிமீட்டர். ஈயக் குண்டின் எடை இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். பெரிய தோட்டாக்களில் வெடியைக் கிளப்பும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் ஒரு தனிக் குமிழில் இருக்கும். இதில் அது அடிப்பாகத்தின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. ஊசி விளிம்பில் எங்கே நசுக்கினாலும் வெடிக்க வேண்டும். பழைய சரக்கில் சில வெடிக்காது. அப்போது முனையை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிஷம் காத்திருந்து, பிறகு தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால், விளிம்பின் வேறு இடத்தில் அடிபட்டு வெடித்துவிடும். தீக்குச்சியைத் திருப்பி உரசுகிற மாதிரிதான்.

இந்த இடத்தில் என் பாண்டிச்சேரிப் படிப்பு உதவியது. பிரெஞ்சில் 'ஃப்ளோபேர்' என்றால் சின்னத் துப்பாக்கி என்று பள்ளியில் படித்த ஞாபகம். அது ஒரு மனிதரின் பெயர் என்பது இப்போதுதான் தெரிந்தது. லூயி நிக்கோலா ஃப்ளோபேர், பாரிஸ்காரர். 1845இல் இந்த விளிம்புத் தோட்டாவுக்கு மூலமானதைச் செய்தவர். வீட்டுக் கூடத்துக்குள்ளேயே பொழுதுபோக்காகச் சுடுவதற்கு என்று செய்தார்! இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவில் வந்தது. இன்னொரு வேடிக்கை: பிரெஞ்சில் 'ஃப்யூஸி' ஆண்பால், 'காராபின்' பெண்பால். ஃபோர்மேனிடம் சொன்னேன். "அதான் சார், இது சொன்ன பேச்சு கேக்கறதில்லை" என்றார். பக்கத்தில் அவர் மகள் இருந்ததைக் கவனிக்கவில்லை. அதற்கு அவர் பட்ட பாடு தனிக்கதை.

இந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்ததோடு வேட்டைக் கதை முடிந்தது. முடிந்தது நல்லதுதான். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியால் என்னென்ன நடந்தது என்று கோப்புகளில் படித்தவன் நான். தோட்டத்தில் டப்பாவை நிறுத்திச் சுடவும் கூடாது. .22 தானே என்று நினைப்பார்கள். குண்டு ஒன்றரை மைல் போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கும். ஆக மிச்சமிருப்பது காகிதம் ஒன்றுதான். அனுமதி பெற்ற ரேஞ்சில், ஐம்பது மீட்டர் தூரத்தில், காகிதத்தில் அச்சிட்ட கறுப்பு வட்டம்.

ரேஞ்சுக்குப் போவதில்தான் எங்கள் எல்லைப்புறச் சங்கடம். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பெங்களூரு நாற்பது. ஆனால் ஃபோர்மேனின் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். ஜூஜுவாடியைத் தாண்டி ஒரு அடி வைத்தால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது சட்டவிரோத ஆயுதம். காய்கறி லாரி தாண்டுகிறது, கம்பெனி பஸ் தாண்டுகிறது, எங்கள் கிழட்டு பி.எஸ்.ஏ. தாண்ட முடியாது. அதனால் எதிர்த்திசையில், கிருஷ்ணகிரியைக் கடந்து இரண்டரை மணி நேரம் காரில் போய், தமிழ்நாட்டுக்குள் இருக்கும் ஒரு கிளப்பில் சுடுகிறோம். மாதம் ஒரு ஞாயிறு. துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா தனியாக, லைசென்ஸ் புத்தகம் சட்டைப் பையில்.

நானும் அங்கே உறுப்பினராகச் சேர்ந்துகொண்டேன். முதல் நாள் நின்றுகொண்டு கிளப் துப்பாக்கியால் சுட்டேன். பத்தில் நான்கு காகிதத்திலேயே படவில்லை. எழுபதைத் தாண்டிய கை. காப்பி டம்ளரே தளும்புகிறது.

அப்போதுதான் ஃபோர்மேன் தன் வித்தையைக் காட்டினார். சிமெண்ட் பெஞ்சின் மேல் ஒரு இரும்புத் தாங்கி, வீட்டுப் பட்டறையில் அவரே செய்தது. திருகைத் திருப்பினால் மயிரிழை மயிரிழையாக ஏறும், இறங்கும். அதன் மேல் ஒரு மணல் பை, பின்கட்டைக்கு அடியில் இன்னொன்று. பழைய ஜீன்ஸ் துணியில் அவர் மனைவி தைத்தது. சலித்துக் காயவைத்த மணல். துப்பாக்கியை அதில் படுக்க வைத்து, முக்காலியில் உட்கார்ந்து, கன்னத்தை மெல்ல வைத்துப் பார்த்தால் கறுப்பு வட்டம் அசையாமல் நிற்கிறது! என் கை நடுக்கம் மணலுக்குள் போய்விட்டது.

"ஒக்காந்து, முட்டுக் குடுத்துச் சுடறதெல்லாம் ஒரு சுடறதா சார்?" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒலிம்பிக்கில் இதற்கு இடம் கிடையாது. 2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, இதே ஐம்பது மீட்டர், இதே .22, அவர் மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுட்டவர். நடுவட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. (அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் என்று படித்தபோது அரசு ஊழியன் என்ற முறையில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.) ஆனால் முட்டுக் கொடுத்த பிறகும் குண்டுகள் ஒரே ஓட்டையில் போவதில்லை. ஏன் என்று தேடுவதுதான் இந்த விளையாட்டு. துடைத்த குழலில் முதல் இரண்டு வெடி வேறெங்கோ போகும். ஒரு பெட்டித் தோட்டா நன்றாகக் கூடும், அடுத்த பெட்டி சிதறும். தாங்கியில் கட்டையை வைக்கும் இடம் ஒரு விரல்கடை மாறினால் குழுவே நகர்ந்துவிடும். குழல் எதன் மேலும் படக்கூடாது. விசையை இழுக்காமல், மூச்சைப் பாதி விட்டு, அழுத்திக்கொண்டே போக வேண்டும். வெடிக்கும் கணம் நமக்கே தெரியக்கூடாது.

ஃபோர்மேன் சுடுவார், நான் எழுதுவேன். தேதி, தோட்டா எந்தப் பெட்டி, காற்று எந்தப் பக்கம், ஐந்து வெடி எவ்வளவு அகலத்தில். அளவுக்கு ஐந்து ரூபாய் நாணயம். அதற்குள் அடங்கினால் ஒரு டிக். ஐந்து வருஷத்தில் இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது.

2024 மார்ச்சில் தேர்தல் அறிவிப்பு வந்தது. எங்கள் பக்கம் வழக்கப்படி லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைத்தாக வேண்டும். ஜூனில் திரும்ப வாங்கி வந்து குழலுக்குள் வெளிச்சம் காட்டிப் பார்த்தபோது உள்ளே புள்ளி புள்ளியாகத் துரு. ஃபோர்மேன் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம், "எனக்கப்புறம் இது என்ன சார் ஆகும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். வேலையில் இருந்தபோது ஒரு மாவட்டத் தலைநகரில் சில வருஷம் ஆயுத லைசென்ஸ் கோப்புகள் பார்த்த இருக்கை என்னுடையது. எடுத்துக்கொள்ள வாரிசு இல்லாத துப்பாக்கி டீலரிடம் போகும், இல்லை ஸ்டேஷன் அறையில் கிடக்கும், கடைசியில் பழைய இரும்பாகும்.

ஒரு கோப்பு மட்டும் மறப்பதில்லை. மலையடிவாரத்து விவசாயி ஒருவர். குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கி, பன்றிக் காவலுக்கு. புதுப்பிக்கும் மனு பத்தொன்பது நாள் தாமதம். ஆஸ்பத்திரியில் இருந்ததாக எழுதியிருந்தார், சீட்டு இணைக்கவில்லை. 'விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை' என்று குறிப்பு எழுதி வைத்தேன். மேலே கையெழுத்தாகி வந்துவிட்டது. அந்த ஆள் மூன்று முறை வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார். சீட்டு வாங்கி வா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். விதிப்படி நான் செய்ததில் பிழை இல்லை. எழுந்து வெளியே போய்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாலாவது முறை அவர் வரவில்லை.

ஃபோர்மேனிடம் இதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு விதியைச் சொன்னேன். 2016 ஆயுத விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. லைசென்ஸ்தாரர் எழுபது வயதை எட்டினாலோ, இருபத்தைந்து வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவருக்குத் தரும்படி கேட்கலாம். மகன் அயர்லாந்தில், அவனுக்கு வேண்டாம். மகள் இங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "வித்துடுங்க நைனா, வீட்ல கொழந்தைங்க இருக்கு" என்றாள். அதுவும் நியாயம்தான். ஃபோர்மேன் அதற்கு மேல் பேசவில்லை.

நான்தான் என் நோட்டுகளை அவளிடம் கொடுத்தேன். "சும்மா பாரும்மா" என்றேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள். "அங்கிள், நீங்க அகலத்தை மட்டும் எழுதியிருக்கீங்க. நடு எங்கேன்னு எழுதலை. மத்தியானம் ஆக ஆக நைனா வலது பக்கம் போயிட்டே இருக்கார் போல. காத்தா, கண்ணா?" ஐந்து வருஷம் எழுதிய குமாஸ்தாவுக்கு அது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு எங்களோடு வந்தாள். ரேஞ்ச் அதிகாரி பக்கத்தில் நிற்க, அப்பா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, முக்காலியில் உட்கார்ந்தாள். துரு எடுத்த குழல் பழையபடி கூடுமா என்பதே எங்களுக்குச் சந்தேகம். முதல் இரண்டைக் கணக்கில் சேர்க்காமல், ஐந்து வெடி. ஒவ்வொன்றுக்கும் ஃபோர்மேனைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாள். காகிதம் வந்ததும் நாணயத்தை வைத்தேன். நான்கு அடங்கியது, ஐந்தாவது விளிம்பைத் தொட்டுக்கொண்டு வெளியே. நான் டிக் போட்டேன். ஃபோர்மேன் நோட்டை வாங்கி டிக்கை அடித்துவிட்டார். "வெளியன்னா வெளிய தான் சார்."

திரும்பி வரும் வழியில் அவள் கேட்டது ஒன்றுதான். பூட்டு போட்ட இரும்புப் பெட்டியைச் சுவரில் பதித்துத் தருவீர்களா என்று.

மனுவை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து நானே நிரப்பினேன். மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, தகப்பனார் சம்மதக் கடிதம், அண்ணனின் ஆட்சேபணையின்மைக் கடிதம். நோக்கம் என்ற கட்டத்தில் 'குறிபார்க்கும் விளையாட்டு' என்று எழுதினோம்.

போன வாரம் நிலைமை கேட்கப் போனோம். வராந்தா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். இருக்கையில் ஒரு இளம் பெண். முப்பது வயதிருக்கும். கோப்பைப் புரட்டிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். "சார், பழைய லைசென்ஸ்ல முதல் பக்கம் ஜெராக்ஸ் மங்கலா இருக்கு. உங்க அப்பா பேர் தெரியலை. இப்பவே எடுத்துட்டு வந்துட்டீங்கன்னா இன்னிக்கே போலீஸ் ரிப்போர்ட்டுக்கு அனுப்பிடறேன்" என்றாள்.

ஃபோர்மேன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை வாங்கிக்கொண்டு நான் கடைக்குப் போனேன்.