மலருக்கு அத்தை எழுதுவது

அன்பு மலருக்கு,

அம்மா உன் மார்க் ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். 600-க்கு 320. 'இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜில் இடம் தருவான், திருப்பூர் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம்' என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதாமே. அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். நீதான் கூடப் போனாய். கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் இயற்பியல் புத்தகத்தை விரித்து வைத்திருப்பாய். 'ஏதாவது படிம்மா' என்று அவர் சொன்னதும் அதை மூடிவிட்டு, நூலகத்தில் எடுத்த தி. ஜானகிராமன் கதையைத் திறப்பாய். ஊசி குத்திய கையை அசைக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பரீட்சைக்குப் போன பிள்ளை நீ. கணக்கில் 38 தானா என்று கேட்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. விண்ணப்பப் படிவத்திலும் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். அரசு கலைக் கல்லூரியில் தரவரிசைப் பட்டியல் ஒன்று மட்டும் இல்லை. பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு 400-க்குப் பார்ப்பார்கள். அங்கே உனக்கு 175; இடம் கிடைப்பது கஷ்டம்தான், மறைத்துப் பயனில்லை. பி.ஏ. தமிழுக்கோ தமிழ் மார்க்தான் கணக்கு. அதில் உனக்கு 87. அந்த 87 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரியை முதல் விருப்பமாகப் போடு. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்க்கிறேன் என்று மாமா வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் நீ. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கே வரும். முதல் கலந்தாய்வில் கூப்பிடாவிட்டால் துவண்டுவிடாதே, இடம் மீந்தால் அடுத்த சுற்றும் வைப்பார்கள்.

டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிடு. கல்லூரி உதவி மையத்திலேயே பதிந்துவிடலாம். நான் லீவு சொல்லிவிட்டேன், கூட வருகிறேன். அம்மாவையும் கூட்டி வா. இரண்டு நாள் இங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அத்தை