மழையைப் பிரதிவாதியாகச் சேர்க்கலாமா?

திண்டுக்கல் மாவட்டப் பெரும்பாறையில் காப்பிப் பழம் பறிக்கிற பருவமும் வடகிழக்கு மழையும் ஒன்றாக வரும். நான் நடத்திய ஒரு வழக்கின் சிக்கலே அதுதான். மேல்காட்டு எஸ்டேட்டில் பல்ப்பரில் தோல் உரித்து, கொட்டை கழுவிய தண்ணீரைக் குழியில் தேக்குவார்கள். மழை பிடித்தால் குழி வழிந்து, கீழே என் கட்சிக்காரரின் ஓடையில் இறங்கும். பழத்தின் வழுவழுப்புத்தானே என்று தோன்றும். ஆனால் அது புளிக்கையில் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஓடை கறுத்து நாறும், மீன் செத்து மிதக்கும். இந்தப் பக்கத்து ஓடைகள் குடகனாறாகி ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன. அது திண்டுக்கல்லின் குடிநீர்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 7ஆவது பிரிவை விரித்தார். மேல்நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகக் கீழ்நிலத்துக்கு ஓடுவதைக் கீழ்நிலக்காரர் மறிக்க முடியாது. “மழையையும் பிரதிவாதியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்” என்றார். நீதிபதியே சிரித்துவிட்டார். அதே பிரிவின் இன்னொரு விளக்கத்தை நான் படித்தேன்: ஒருவர் நிலத்துக்கு வந்து சேரும் நீரைப் பிறர் நியாயமின்றி மாசுபடுத்தக் கூடாது. சரிவில் இறங்கும் உரிமை மழைக்கு உண்டு, கழிவுக்கு இல்லை என்பதே என் வாதம்.

வாதம் சரி, சாட்சி? இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர, நீதிமன்றத்தின் சார்பில் வக்கீல் கமிஷனர் நியமனமானார். இருதரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்து வந்த நாளில் சுள்ளென்று வெயில். குழியைத் துடைத்து வைத்திருந்தார்கள். “இவர் வர்றார்னு ஓடைக்கே தெரிஞ்சிருக்குங்கய்யா” என்றார் கட்சிக்காரர். மழை நாளில் மறுபார்வை கேட்டு மனுப் போட்டேன். இரண்டாம் முறை கமிஷனர் அட்டைக்கடியோடு வந்து எழுதிய அறிக்கைதான் வழக்கைத் திருப்பியது.

1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பும் கையில் இருந்தது. வேலூர் என்று பேர்தான். திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளும் அதில் உண்டு. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதாக ஒரு கணக்கெடுப்பைத் தீர்ப்பே சொல்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையையும் சொன்னேன். அது 2001இல் மூடப்பட்ட பிறகும் பாதரசம் கலந்த வளாக மண்ணைப் பற்றிப் பல ஆண்டு வாதாடினார்கள். அங்கும் பயம் மழைதான். மண்ணைக் கரைத்துப் பாம்பாற்றுச் சோலைக்குக் கொண்டுபோய்விடுமே!

முடிவில் ராஜி. குழிக்கு மேலே கூரை, சுற்றிலும் கரை. மலையிலிருந்து வரும் நல்ல மழைநீர் குழியைத் தொடாமல் விலகிப் போக மேல்புறம் ஒரு வாய்க்கால். நகரங்களில் மழைநீர் வடிகாலையும் சாக்கடையையும் தனித்தனியாகப் போடச் சொல்வதும் இதற்குத்தான். சென்னையில் அவை கலந்து கூவத்தில் விழுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலை ஐப்பசிக்கு முன் யார் தூர்வாருவது என்ற ஒரு ஷரத்துக்கு மட்டும் இன்னொரு வாய்தா ஆனது. கடைசியில் எஸ்டேட்டே ஒத்துக்கொண்டது.