சாமான் சிட்டையும் இடுப்பளவும்

மாதச் சாமான் சிட்டை எழுத உட்கார்ந்தால் முதலில் அரிசி, அடுத்தது கோதுமை மா, பிறகு சீனி, பருப்பு, தேங்காய் எண்ணெய். கட்டுகஸ்தோட்டையில் எங்களைப் போன்ற பல வீடுகளின் சிட்டை இதே வரிசையில்தான் போகும். முட்டையும் மீனும் பழமும் காசு மிஞ்சினால் கடைசியில் வரும். மரக்கறி சிட்டையில் ஏறுவதே இல்லை; சந்தைப் பக்கம் போகும்போது விலையைக் கேட்டு, கைக்கு எட்டியதை வாங்குவோம். எங்கள் வீட்டுப் பெண்களின் உடம்பு ஏன் பருக்கிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த வரிசையிலேயே இருக்கிறது.

உடம்பு வைத்தவர்கள் வசதியாகச் சாப்பிடுகிறவர்கள் என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் போகவில்லை. காசு முடையான வீட்டின் சாப்பாட்டைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குறைந்த காசில் வயிற்றை நிரப்புவது மா ரொட்டியும் பாணும் சோறும்தான். இடையில் வரும் பசியை அடக்குவது சீனி போட்ட தேத்தண்ணி. வயிறு நிரம்பிவிடுகிறது, உடம்புக்கு வேண்டிய புரதமும் நாரும் வந்து சேர்வதில்லை, இரண்டு மணித்தியாலத்தில் மறுபடி பசிக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இதில் சேருவது வயிற்றுக் கொழுப்பு.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஆரோக்கிய வாழ்வு மையங்களில் உடம்பை இலவசமாகப் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். நானும் போனேன். உயரம், நிறை, இரத்த அழுத்தம், சீனி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தையல்காரர் போல மிஸ்ஸி டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினார். தெற்காசியப் பெண்களுக்கு எல்லை 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லப்படும் அளவு நமக்குப் பொருந்தாது. அதே நிறையில் நம் உடம்பில் வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அதிகம். சீனி வருத்தமும் நமக்குக் குறைந்த நிறையிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களைப் பொறுத்தவரை உடற் திணிவுச் சுட்டி 23ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்றது. எனக்கு இரண்டு எல்லையும் தாண்டியிருந்தது. சீனி இன்னும் வரவில்லை, இப்படியே போனால் வரும் என்று டொக்டர் தெளிவாகவே சொன்னார்.

குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தவுடன் நான்கு பக்கமிருந்தும் யோசனை வரும். ஓட்ஸ் சாப்பிடு, ஒலிவ் எண்ணெய் பாவி, அப்பிள் சாப்பிடு, கிறீன் டீ குடி. ஒரு பக்கெட் ஓட்ஸின் விலைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அரிசி வாங்கலாம். வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தனிச் சாப்பாடு வாங்குவது பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுப்பதாகத்தான் முடியும், எந்தத் தாயும் அதை ஒரு மாதத்துக்கு மேல் செய்யமாட்டாள். ஆகவே புதிதாக எதையும் வாங்காமல், ஏற்கெனவே வாங்குவதில் எதைக் குறைப்பது என்று பார்த்தேன். காசுக் கணக்கும் கலோரிக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

சீனியை எடுத்துக்கொள்வோம். காலையில் எழும்பியவுடன் ஒரு தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, பின்னேரம் ஒன்று, யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 45 கிராம், மாதத்துக்கு ஒன்றே கால் கிலோவுக்கு மேல். வளர்ந்தவர்கள் மூன்று பேர் இருக்கும் வீட்டில் தேத்தண்ணிக்கு மட்டும் நான்கு கிலோ! உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவோ, எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்தே நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். சோடாப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்ட 2016இலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடையாளம் போடுகிறார்கள். நல்ல வேலைதான். நாங்கள் சோடா குடிப்பதோ பெருநாள் திருநாளுக்கு. எங்களுக்குச் சீனி வந்து சேருவது கேத்தலிலிருந்து. அதில் சிவப்பு அடையாளம் கிடையாது.

ஒரே நாளில் சீனியை நிறுத்தச் சொல்லி வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, நாக்குப் பழகியபின் ஒன்றாக்கி, பிறகு அரையாக்கினோம். கண்டிப் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே உள்ளங்கையில் வைத்திருக்கும் கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொள்வது. கருப்பட்டியும் சீனிதான், விலையும் கூட. ஆனால் சின்னத் துண்டு ஒன்று ஒரு கோப்பைத் தேத்தண்ணி முழுவதற்கும் போதும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டோம். எங்களோடு இருக்கும் மாமி அந்த நாளுக்குக் காத்திருப்பார்.

அடுத்தது தேங்காய். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் குசினியே மாறிப்போனது. நடுத்தரத் தேங்காய் ஒன்றின் பருப்பில் ஆயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது. பாலாகப் பிழிந்தால் முழுவதும் இறங்காது என்றாலும் பெரும்பகுதி கறிக்குள் வந்துவிடும். பருப்புக்கு முதற்பால், கிழங்குக்கு முதற்பால், சொதிக்கு முதற்பால் என்று ஊற்றுவதை விட்டு, இப்போது அரைத் தேங்காயைத் திருவி இப்படிப் பிரிக்கிறேன்: ஒரு பிடி பூவை வல்லாரைச் சம்பலுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பிழிந்து முதற்பாலை ஒரே ஒரு கறிக்கு, இரண்டாம் பாலில் பருப்பு வேகும், இறக்கும்போது வெங்காயமும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் ருசி குறைந்தது யாருக்கும் தெரியாது. பிழிந்த சக்கையையும் வீசுவதில்லை. முருங்கையிலைச் சுண்டலுக்கு அது போதும். முருங்கை வேலியில் நிற்கிறது. வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எல்லாம் இன்றைக்கும் மரக்கறிகளில் மலிவானவை. பலாக் காலத்தில் கறிக்கு ஆகும் பிஞ்சுக் காயை அக்கம்பக்கத்தார் சும்மாவே தருவார்கள்.

சீனியில் நாளொன்றுக்கு 140 கலோரி, தேங்காயிலும் பொரியலிலும் இன்னொரு 100 போனால், கடதாசியில் மாதத்துக்கு ஒரு கிலோ இறங்க வேண்டும். உடம்பு கடதாசியைப் போல நடக்காது. இறங்கும், சில வாரம் அசையாமல் நிற்கும், மறுபடி இறங்கும். அந்த நிற்கிற வாரங்களில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தராசு வாங்கக் காசில்லாதது எனக்கு நல்லதாகப் போயிற்று. தையல் மெசின் லாச்சியில் கிடந்த இஞ்சி டேப்பை மாதத்துக்கு ஒருமுறை எடுத்தேன். 80 சென்ரிமீற்றர் என்றால் முப்பத்தொன்றரை அங்குலம். இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை, ஆனால் சட்டைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

சோற்றைக் குறைப்பதுதான் மிகக் கடினமாக இருந்தது. அதற்குக் காரணம் பசி என்று சொல்லமுடியாது. மாமி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1973இலும் 1974இலும் நாட்டில் அரிசியும் மாவும் இல்லாமல் போனபோது மலையகத் தோட்டங்களில் பட்டினியால் சனம் செத்தது பதிவாகியுள்ள வரலாறு. லயத்தை விட்டு இறங்கி, கண்டித் தெருக்களில் கையேந்தி நின்ற குடும்பங்களும் உண்டு. அந்தக் காலத்தைச் சிறுமியாகக் கடந்து வந்தவர் பரிமாறும்போது தட்டில் சோறு குவியாமல் வேறென்ன செய்யும்? நான் இரண்டு அகப்பை போதும் என்றால், "என்னா புள்ள, வீட்டுல இல்லாமயா போச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் இருக்கும் பயத்தை நான் மதிக்கிறேன். அவரோடு வாதாடாமல் தட்டின் வரிசையை மாற்றினேன்: முதலில் கீரை, அடுத்தது பயறோ கௌப்பியோ நெத்தலிக் கருவாடோ, மூன்றாவதாகச் சோறு. தட்டு நிறைந்துதான் இருந்தது. நிறைந்த தட்டுக்கு மாமி ஒன்றும் சொல்லவில்லை.

2022ஐயும் இங்கே சொல்ல வேண்டும். அந்த வருசம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய வருசம் நூறு ரூபாய்க்கு வாங்கியது கிட்டத்தட்ட இருநூறு. 63 இலட்சம் பேருக்குப் போதிய உணவு உறுதியில்லை என்று ஐ.நா.வின் உணவு நிறுவனங்கள் அறிவித்தன. காஸ் வரிசையில் நின்ற பெண்கள் மெலிந்தார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு இரவில் வெறும் தேத்தண்ணியோடு படுத்ததால் வந்த மெலிவு அது. விலை கொஞ்சம் தணிந்ததும் முதலில் வீட்டுக்கு வந்தவை மாவும் சீனியும்தான். போன நிறை திரும்பியது, போன தசை அப்படித் திரும்பவில்லை. பட்டினியால் இறங்கிய நிறையையும் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டு இறக்கிய நிறையையும் ஒரே தராசில் வைத்துப் பாராட்டுவது எனக்கு மனம் ஒப்பாத விசயம்.

எங்கள் ஊரில் மெலிந்த பெண்ணைப் பார்த்தால், "என்ன, சீனியா?" என்று கேட்கிறார்கள். அடுத்த கேள்வியைக் கேட்கமாட்டார்கள், வீட்டில் கஷ்டமா என்று கண்ணால் பார்ப்பார்கள். இதற்குப் பயந்தே உடம்பைக் குறைக்கத் தயங்கும் பெண்களை எனக்குத் தெரியும். அதோடு, கடைசியில் சாப்பிடுவதும் பெண்தான். சட்டியில் ஒட்டியது, பிள்ளை மிச்சம் வைத்த அரை ரொட்டி, காலையில் மீந்த பாண், எல்லாம் அவள் வயிற்றுக்கு. சோற்றைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இதற்கு நான் கண்ட வழி அளந்து சமைப்பது. ஆளுக்கு எத்தனை சுண்டு என்று அளந்து உலை வைத்தால் மீதி வராது. மீறி வந்தால் காலையில் கீரை அரைத்து ஊற்றிக் கொலகெந்தையாகக் காய்ச்சினால் எல்லோருக்கும் காலைச் சாப்பாடு. இப்போது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் இரவுச் சாப்பாடு. மகள்தான் இதில் பிடிவாதமாக நின்றாள்.

நடை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கண்டி வாவியைச் சுற்றி நடப்பது நல்ல நடை, மூன்று கிலோமீற்றருக்கு மேல். அங்கே போய்வர பஸ் காசு வேண்டும். மகாவலிப் பாலத்திலிருந்து மஹியாவைப் பக்கம் ஏறும் ஏ9 பாதையில் புகையும் நெரிசலும். சில இடங்களில் இரண்டு பேர் ஒதுங்கி நிற்க இடமில்லை, இருட்டுவதற்கு முன் வீடு திரும்ப வேண்டும் என்ற கணக்கும் பெண்களுக்கு உண்டு. மலைச்சரிவு வீடுகளுக்குப் போகும் படிக்கட்டுகளே எங்கள் மைதானம். சந்தையிலிருந்து இரண்டு பையோடு அந்தப் படிகளை நிற்காமல் ஏறிவிடுகிறேன், முன்பு நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது.

சீனியிலும் தேங்காயிலும் எண்ணெயிலும் மிச்சம் பிடித்த காசு இப்போது முட்டைக்கும் நெத்தலிக்கும் பயறுக்கும் போகிறது. சேமிப்பு என்று கையில் எதுவும் நிற்கவில்லை. பிள்ளைகள் வாரத்தில் கூடுதலாக முட்டை சாப்பிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ஆரோக்கிய வாழ்வு மையத்துக்கு எங்கள் பக்கத்துப் பெண்களைப் போகச் சொன்னால், கிழமை நாளில் காலை வேளை, போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்கிறார்கள். வீடுகளில் வேலை செய்பவர்கள், கடைகளில் நிற்பவர்கள், நகரம் கூட்டுபவர்கள். சீனி வருத்தம் வந்தபின் ஆயுசு முழுக்க கிளினிக் வரிசையில் நிற்கப்போகிறவர்களும் இவர்கள்தான். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அது திறந்திருக்க வேண்டும். அதுவரை, 35 வயதைத் தாண்டியவர்கள் ஒரு போயா லீவுக்கு முந்திய நாளாவது லீவு போட்டு, அதற்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு, அன்று காலையில் வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.