கோட்டுக்கு வெளியே

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் பக்கமாகப் போகிற சாலையில் ஊருக்கு ஊர் அந்த ஃபிளெக்ஸ் உண்டு. கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பையன், தலைக்கு மேலே இரண்டு புறா, கீழே கொட்டை எழுத்தில் 'ஐந்தாம் ஆண்டு நினைவு கபடிப் போட்டி'. சுழற்கோப்பை கொடுப்பவர் பெயர், முதல் பரிசுத் தொகை, நுழைவுக் கட்டணம், ஓரத்தில் வரிசையாக நண்பர்கள். வருஷத்துக்கு வருஷம் அந்த நண்பர்களுக்கு மீசை அடர்கிறது, வயிறு முன்னே வருகிறது, ஒருத்தன் இடுப்பில் குழந்தை ஏறிவிடுகிறது. நடுவில் இருப்பவனுக்குப் பத்தொன்பது வயதுதான்.

எப்படிப் போனான் என்று டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். பைக்கில் போனான், லாரி வந்துட்டு. கிணத்துல குதிச்சான், தலையில அடிபட்டுட்டு. கோயில் கொடைக்கு ஆடப் போயிட்டு லோடு ஆட்டோவுல திரும்பி வரும்போது கவுந்துட்டு. நல்ல ரெய்டராம் அவன். பாடிக்கொண்டு ஏறினால் யாரையாவது தொடாமல் திரும்பமாட்டானாம். ஏழு பேர் சேர்ந்து பிடிக்க முடியாதவனை ஒரு வளைவு பிடித்துவிட்டது.

மணத்தி கணேசனும் இந்தப் பக்கத்துக்காரர்தான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையை வைத்து மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025-இல் வந்தபோது, திருநெல்வேலி தியேட்டரில் எனக்குப் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் இடைவேளையில் எழுந்திருக்கவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஊர்லயும் இதே மாதிரி ஒருத்தன் இருந்தாம்மா" என்றார். யார் என்று கேட்டேன். சொல்லவில்லை.

கணேசன் மேலே ஏறிய அதே காலத்தில், மற்றவர்கள் பக்கத்து ஊருக்கு ஆடப் போவதே நின்றுபோயிருந்தது. சாதிக் கலவரங்களுக்கு நடுவே, 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியன்குளம் கிராமத்துக்குள் போலீஸ் புகுந்தது. அதற்கு முன்னும் பின்னும் பல மாதங்கள், சாயங்காலம் ஆனால் எங்கள் பக்கம் பஸ் வருமா வராதா என்று தெரியாது. எந்த ஊர்ப் பையன் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று அம்மாக்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்த வயதில் இரண்டு வருஷம் களத்தில் இறங்காமல் இருந்தால் முடிந்தது. ஜூனியர் செலக்‌ஷனுக்குக் கூப்பிடுகிற வயது தாண்டிவிடும். பிறகு திருப்பூர், பிறகு மும்பை, பிறகு வளைகுடா. உயிரோடு இருக்கிறார்கள், ஆட்டம் போய்விட்டது. அவர்களுக்கு யாரும் ஃபிளெக்ஸ் வைப்பதில்லை. பெரியவர் சொன்னது அப்படி ஒருவனையா, புறாக்களுக்குக் கீழே நிற்கிற ஒருவனையா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நான் ஆடியது கபடி இல்லை, டேபிள் டென்னிஸ். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துப் பிரேயர் ஹாலில் ஒரே ஒரு டேபிள், நடுவில் தொய்ந்த வலை. அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்றால், வி. சந்திரசேகர். நேரில் பார்த்ததே கிடையாது. பேப்பரில் வரும் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்து, சந்திரசேகரின் மணிக்கட்டு எப்படி நிற்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பழகுவான். மூன்று முறை தேசிய சாம்பியன், 1982-இல் அர்ஜுனா. மெட்ராஸ்காரர். ஆனால் எங்கள் வீட்டில் அவர் பெயரை ஒரு சித்தப்பா பெயரைப் போலத்தான் சொல்வோம்.

அந்த முழங்கால்தான். 1984-இல் அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்த பிறகு ஏற்பட்ட சிக்கலில் மூளை பாதிக்கப்பட்டது. பேச்சும் பார்வையும் நடையும் ஒன்றாகப் போயின. செய்தி வந்த அன்று அண்ணன் நோட்டை எடுத்து, அந்த மடங்கிய முழங்கால் படத்தை எனக்குக் காட்டினான். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஆச்சிக்கு டேபிள் டென்னிஸ் என்னவென்றே தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு யாருக்குக் கால் வலித்தாலும், "நல்லெண்ணெயைத் தேச்சிட்டுப் படு, ஆசுபத்திரிக்கு மட்டும் போவாண்டாம்" என்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து மதுரைக்கு ஆடப் போக அப்பா என்னை அனுப்பவில்லை. பஸ்ஸில் போவதற்கும் முழங்கால் அறுவைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று அழுதேன். சம்பந்தம் இருக்கிறது என்று 2022-இல் தெரிந்தது.

டேபிள் டென்னிஸ் வீரர் விஷ்வா தீனதயாளனுக்குப் பதினெட்டு வயது. சென்னை அண்ணா நகரில் பயின்றவர். லயோலா கல்லூரியில் பி.காம். தேசிய அளவில் கேடட், சப்-ஜூனியர் பட்டங்களை வென்றவர். 2022 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை. ஷில்லாங்கில் மறுநாள் தொடங்கவிருந்த 83-ஆவது சீனியர் தேசியப் போட்டிக்காக, குவாஹாட்டியில் இறங்கி, தமிழக அணியின் இன்னும் மூன்று பேரோடு டாக்சியில் போய்க்கொண்டிருந்தார். மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில், எதிரே வந்த பன்னிரண்டு சக்கர டிரெய்லர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. ஓட்டுநர் அங்கேயே இறந்தார். விஷ்வாவை நோங்போ மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. கூட வந்த மூவருக்கும் காயம். அதே மாதம் 27-ஆம் தேதி ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கும் போட்டியில் இந்தியாவுக்காக ஆட வேண்டியவர்.

அண்ணன் இப்போது மும்பையில் இருக்கிறான். அன்று இரவு போன் செய்தான். விஷ்வா ஆடிய ஒரு ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான் போல. பின்னால் பந்துச் சத்தம் கேட்டது. "இவன் முழங்காலைப் பாரு" என்றான்.

பொல்லாத வருஷம் அது. ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், ரெய்டுக்குப் போன கல்லூரி மாணவன் ஒருவன் பிடியிலிருந்து எழ முயன்று அப்படியே சரிந்தான். அந்த வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்தது; முழுசாகப் பார்க்க எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. நவம்பரில் சென்னையில் பதினேழு வயதுக் கால்பந்து வீராங்கனை, முழங்கால் சவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்த ஓட்டம் பாதித்து, காலை எடுத்தும் பிழைக்கவில்லை. மருத்துவர்கள் இரண்டு பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். 1984-க்கும் 2022-க்கும் நடுவில் முப்பத்தெட்டு வருஷம். அதே முழங்கால்.

அதற்குப் பிறகு கொடைப் போட்டிகளுக்குப் போனால் என் கண் வேறெங்கோ போகிறது. நைலான் கயிறு, மெர்க்குரி லைட், ஜெனரேட்டர், ரேடியோ செட், சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, ஆளுக்கு ஒரு புரோட்டாப் பொட்டலம். எல்லாம் இருக்கும். ஸ்ட்ரெச்சரைத் தேடினால் கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தத் தாமிரபரணிக் கரையோர ஊர்களில் வண்டலும் மணலும் ஏறியது. பையன்கள் அவர்களே மண்வெட்டி எடுத்துக் களத்தை வெட்டிச் சரிசெய்து, தை பிறந்ததும் நினைவுப் போட்டியை நடத்திவிட்டார்கள். அவ்வளவு பாசம். அந்தப் பாசத்தில் ஒரு பங்கை, இப்போது கோட்டுக்குள் நிற்கிறவனுக்கு ஒரு ஆம்புலன்ஸ் பிடித்து நிறுத்துவதில் காட்டச் சொல்லி அவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஓர் ஊரில் கேட்டார்கள். 108-க்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். மாரத்தானை 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த கென்யாவின் கெல்வின் கிப்டம், நான்கு மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், தன் பயிற்சியாளரோடு கார் விபத்தில் இறந்தார், வயது 24. 2016-இல் பிரேசிலின் சாப்பகோயென்சே கால்பந்து அணி இறுதிப் போட்டிக்குப் போன விமானத்தில் எரிபொருள் தீர்ந்துபோய் 71 பேர் மாண்டார்கள். எந்த எதிரணியும் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. கோட்டுக்குள் இருக்கிறவரை நடுவர் உண்டு, விதி உண்டு, விசில் உண்டு. கோட்டைத் தாண்டி வேனில் ஏறிய பிறகு, ஆபரேஷன் டேபிளில் படுத்த பிறகு, அந்த உடம்புக்கு யார் பொறுப்பு என்று எழுதிவைக்கவில்லை.

சந்திரசேகர் சாகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மருத்துவமனை மீது வழக்குப் போட்டார். ஆண்டுக்கணக்காக நடந்த அந்த வழக்கில் அவருக்கு இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பானது. பேச்சையும் நடையையும் ஓரளவு மீட்டுக்கொண்டார். பார்வை முழுசாகத் திரும்பவில்லை. அந்தக் கண்ணோடு, அந்தக் காலோடு பயிற்சியாளர் ஆனார். இன்று உலக அரங்கில் ஆடும் சத்யன் சின்னப் பையனாக அவரிடம் பயின்றவர். பந்து சரியாகத் தெரியாத ஒருவர், அடிபடுகிற சத்தத்தை வைத்துப் பிள்ளைகளின் தவறைத் திருத்தியிருப்பாரோ என்று நினைத்துப்பார்க்கிறேன். 2021 மே மாதம் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அறுபதைத் தாண்டிய வயது. அவருடைய ஆட்டம் நின்றுபோய் முப்பத்தாறு வருஷத்துக்கும் மேல் கழித்து.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பி.டி. சார் ஒருவர் இருக்கிறார். பெண்கள் வாலிபால் அணியைப் பல வருஷம் வெளியூர் கூட்டிப்போனவர். நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் கதவோரம் பைகளின் மேல் உட்காரவைத்து ராத்திரி முழுக்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், விடிந்ததும் ஆடச் சொன்ன காலத்தை நினைத்தால் இப்போதும் அவருக்குக் கைகள் நடுங்குகின்றன. பிற்பாடு மாறிவிட்டாராம். வேன் வந்து நின்றதும் முதலில் டிரைவரிடம் போய், "நேத்து ராத்திரி எத்தன மணிக்குப் படுத்தீங்க அண்ணாச்சி?" என்று கேட்பார். ஒருமுறை டிரைவர் வேளாங்கண்ணி டிரிப் முடித்து நேரே வந்ததாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளை இறக்கி, வராந்தாவில் உட்காரவைத்து, வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முதல் ஆட்டத்தை எதிரணிக்கு வாக்ஓவர் கொடுத்துவிட்டார்கள். வெளியேற வேண்டியதாயிற்று. பிள்ளைகள் அழுதார்கள். திரும்பி வந்ததும் அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள்.

"என்ன எழுதினீங்க சார்?"

"அடுத்த வருஷம் ஆடிக்கிடலாம்லா, பிள்ளைங்க இருக்குல்லான்னு எழுதினேன்."

அடுத்த வருஷம் அதே பிள்ளைகள் மாவட்டத்தில் இரண்டாம் இடம் வந்தார்கள்.