சஸ்பென்ஸ் கணக்கு

2020 ஜூலை 22ஆம் தேதி தமிழக சுகாதாரத் துறை தன் மரணக் கணக்கில் ஒரே நாளில் 444 பேரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் கொரோனாவில் இறந்தும் மாநிலக் கணக்கில் ஏறாமல் போனவர்கள். மாநகராட்சியின் பதிவேட்டையும் அரசின் தினசரி அறிக்கையையும் ஒப்பிட ஒரு குழு போட்டிருந்தார்கள். அந்தக் குழுவின் பெயரில் இருந்த ‘ரீகன்ஸிலியேஷன்’ என்ற வார்த்தை என்னை உறுத்திற்று. அம்பத்தூரில் வங்கிக் குமாஸ்தாவான எனக்கு அது தினப்படி வார்த்தை. இன்ன கணக்குக்கு உரியது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸில் போட்டு வைப்போம். பிறகு வவுச்சரைத் தேடி எடுத்து நேர் செய்வோம். வவுச்சரே எழுதப்படாத தொகை சஸ்பென்ஸில்கூட இராது.

அன்றிரவு ஆவடியிலிருந்த சித்தப்பாவுக்கு போன் செய்தேன். சந்தோஷமாகத்தான் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலை. சாவை மறைக்கிறார்கள் என்று ஸ்டாலின் சொல்லிக்கொண்டிருந்ததை நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“மறைக்கிறவன் எதுக்குடா அவனே வெளியில சொல்றான்?” என்றார். “செத்தவங்க எல்லாருக்கும் சர்க்கரை, பிரஷர். வயசு வேற. கவர்மெண்ட் என்ன பண்ணும்?”

சித்தப்பாவின் இந்த வாதம் அரசின் அறிக்கையிலிருந்தே வந்தது. அதை நான் தினமும் படித்தேன், ஒரு வசனப் பிரதியைப் படிப்பது போல. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம். வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், எந்த ஆஸ்பத்திரியில் என்று சேர்ந்தார், என்ன இணைநோய், எப்போது இறந்தார். இவ்வளவு சுருக்கமாக நம் கதாசிரியர்கள்கூட ஆட்களை முடித்ததில்லை. அந்த வாக்கியத்தில் முக்கியமான வேலையைச் செய்வது ‘இணைநோய்’ என்ற சொல். அது வந்து நின்றதும், பொறுப்பு மெல்ல நகர்ந்து இறந்தவர் மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. எழுபத்திரண்டு வயதில் இணைநோய் இல்லாத மனுஷன் எந்த ஊரில் இருக்கிறான்?

அவர் எங்கே வசித்தார் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை. முதியோர் இல்லம் என்ற பத்தி கிடையாது. இங்கிலாந்தில் அந்தப் பத்தி இருந்தது. ஆகவே அங்கே சண்டையும் நடந்தது. சோதனை செய்யாமலே நோயாளிகளை ஆஸ்பத்திரியிலிருந்து முதியோர் இல்லங்களுக்கு அனுப்பிய கொள்கை சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொல்லிற்று. ஆஸ்திரேலியாவில் மத்திய அரசும் விக்டோரியா மாநில அரசும் ஒன்றையொன்று கைகாட்டின. அங்கே எல்லாம் யோக்கியமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் அத்தை அப்படி ஒரு இல்லத்தில் இருந்தாள். பூந்தமல்லி தாண்டி, திருமழிசைப் பக்கம். உதவி பெறும் பள்ளி ஒன்றில் தையல் டீச்சராக இருந்தவள். பிள்ளை கிடையாது. பென்ஷன் எங்கள் கிளையில்தான் வரவானது. 2020 மார்ச் கடைசியில் அந்த இல்லத்தின் கேட்டைச் சாத்தினார்கள். மாத்திரைப் பையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நிற்பேன். அத்தை வராந்தாவிலிருந்து கையை ஆட்டுவாள். முகக்கவசம் போட்ட என்னைத்தான் பார்த்து ஆட்டுகிறாளா என்று எனக்கு நிச்சயமில்லை.

மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, காய்கறிக் கடைகளைத் திருமழிசைக்குக் கொண்டுவந்தார்கள். நோய் பரவிய மார்க்கெட் அத்தையின் வாசலுக்கே வந்துவிட்டது போலிருந்தது. லாரிகளைப் பார்த்துவிட்டு வந்த சித்தப்பா, “அக்காவைக் கூட்டிட்டு வந்துடலாம்டா” என்றார். நான் கூடாது என்றேன். அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும் என்று அரசே சொல்கிறது, கேட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் பத்திரம் என்றேன். அரசு சொல்லும் எண்ணிக்கையை நம்பாத நான் அதன் அறிவுரையை நம்பினேன். அரசை முழுக்க நம்பிய சித்தப்பா அந்தக் கேட்டை நம்பவில்லை. அப்போது இது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

பி.ஏ.வில் படித்த டீஃபோவை அந்த நாட்களில் திரும்ப எடுத்தேன். 1665ஆம் வருஷத்து லண்டன் பிளேக்கைப் பற்றி 1722இல் எழுதியது. கதை சொல்லும் சேணக்காரன் வாராந்திர மரணப் பட்டியலை நம்புவதில்லை. பிளேக்கில் செத்தவர்களை வேறு நோய்களின் பெயரில் எழுதிவிடுகிறார்கள் என்று சந்தேகப்படுகிறான். அதோடு நோய் கண்ட வீட்டைப் பூட்டி வாசலில் காவல் போடுவதையும் அவன் ஏற்கவில்லை. முதல் விஷயத்துக்கு அடியில் பென்சில் கோடு போட்டேன். இரண்டாவதைப் படித்துக்கொண்டே போய்விட்டேன்.

அந்த வருஷம் அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னது சரியாயிற்று என்று சித்தப்பாவிடம் சொல்லவும் செய்தேன்.

2021 மார்ச் 1 முதல் அறுபது வயதானவர்களுக்குத் தடுப்பூசி. அடையாள அட்டை வேண்டும். அத்தையின் ஆதார் என் பீரோவில் இருந்தது. ஒரு சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து, ஆட்டோ வைத்து அழைத்துப் போயிருக்கலாம். ஏப்ரல் 6 தேர்தல். வாட்ஸப்பில் குடும்பக் குழு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. முதியோரை இந்த அரசு கைவிட்டுவிட்டது என்று அதில் நீண்ட பத்திகள் எழுதினேன். ஆதார் பீரோவிலேயே இருந்தது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கு அட்டை இல்லாமலும் ஊசி போடலாம் என்று மத்திய அரசு வழிமுறை வெளியிட்டது மே 6ஆம் தேதி. மறுநாள் இங்கே ஸ்டாலின் முதலமைச்சரானார். நான் பாயசம் வைக்கச் சொன்னேன்.

மே 19ஆம் தேதி அத்தை போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல். ரசத்தில் உப்பே இல்லை, புளியே இல்லை என்று சமையல்காரம்மாவிடம் சண்டை போட்டாளாம். சோதனை எதுவும் செய்யவில்லை. அம்பத்தூர் சென்னை மாவட்டம், பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். இ-பதிவு செய்துகொண்டு போய்ச் சேர்வதற்குள் துணி சுற்றி வைத்திருந்தார்கள். டாக்டர் கொடுத்த சான்றிதழில் மாரடைப்பு. அன்றைய அரசு அறிக்கையில் அத்தைக்கு அந்த ஒரு வாக்கியமும் கிடையாது.

பத்தாம் நாள் காரியம் முடிந்து சித்தப்பா பேசினார். “மறைக்கிறாங்கடா. சுடுகாட்டுல போய் எண்ணிப் பாரு, தெரியும்.” நான் சொன்னேன்: “வந்து மூணு வாரம்தானே ஆகுது சித்தப்பா. எண்பது வயசு, சர்க்கரை வேற.” சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று காதில் விழுந்தது. அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை. அவர் சொன்னபடி கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவர் கேட்கவில்லை. ஆதாரைப் பற்றி அவருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம், 2020, 2021 இரண்டு வருஷங்களில் இந்தியாவில் வழக்கத்தை விடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டது. அரசின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்து லட்சம். மதிப்பிட்ட முறையே தப்பு என்றது மத்திய அரசு. நடுவிலிருக்கும் அந்த நாற்பத்திரண்டு லட்சத்தில் அத்தை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

மே மாதப் பென்ஷன் முழுசாக வரவாகியிருந்தது. இறந்த தேதிக்குப் பிந்தைய பன்னிரண்டு நாள் தொகையைக் கருவூலத்துக்குத் திருப்ப வேண்டும். வவுச்சரை நான் எழுதினேன். சொந்தக்காரர் கணக்கு என்பதால் பக்கத்து ஸீட்காரரைப் பதிவு செய்யச் சொன்னேன். விவரம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். ‘பென்ஷனர் மரணம்’ போதும் என்றேன்.