துப்பாக்கி இல்லாத வேட்டை

கென்யா செல்கிறோம் என்றதும் காரைக்கால் நண்பர்கள் கேட்ட முதற்கேள்வி, “துப்பாக்கிக்கு என்ன ஏற்பாடு?” என்பதே. வேட்டைக் கதைகள் படித்து வளர்ந்த எங்களுக்கும் அவ்வாசை உண்டு. ஆனால் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும், கென்யாவில் 1977-ஆம் ஆண்டுத் தடையும் அதற்கு இடந்தரவில்லை. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட்டே பின்னாளில் படக்கருவியை விரும்பி ஏந்தியவர். 1947-இல் கென்யாவில் குடியேறியவர்.

எனவே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொண்டோம். தொலைநோக்கியும் படக்கருவியும் சேர்த்தோம். பயிற்சிக்குத் தெற்கே கோடிக்கரை சென்று, காற்று முகத்தில் படுமாறு அமர்ந்து வெளிமான்களுக்காகக் காத்திருந்தோம். வேடனுக்குரிய பொறுமை முழுவதும் இதற்கும் வேண்டும். வேறுபாடு ஒன்றுதான்: குறி தப்பாவிட்டாலும் மான் மேய்ந்துகொண்டேயிருக்கும்.